டிரான்ஸ்பார்மர் நியூட்ரலை எர்த் பண்ணினால் கரண்ட் எல்லாம் மண்ணுக்குள் போய்விடாதா?

போகாது. தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து எர்த் பட்டை மண்ணில் இறங்குவதைப் பார்த்துக் கேட்டிருப்பீர்கள். கரண்ட் கிளம்பின காயிலுக்கே திரும்பியாக வேண்டும். பேஸ் கம்பியில் வந்து, லைட்டைத் தாண்டி, நியூட்ரல் கம்பியில் வீடு திரும்பிவிடும். எர்த் இல்லாவிட்டாலும் லைட் எரியும். பிறகு எர்த் எதற்கு? பேஸுக்கும் மண்ணுக்கும் நடுவே வோல்டேஜ் 230-ஓடு நிற்க. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் 11,000 வோல்ட் காயில் பழுதாகி அந்த வோல்டேஜ் நம் பக்கம் இறங்கினால், அது மண்ணில் போக.

  

நான் வயர்மேனாகி இரண்டாம் வருஷம், காசிமேட்டில் ஒரு வீடு. பிரிட்ஜைத் தொட்ட சின்னப் பெண் சுருண்டு விழுந்தாள். யாரோ மெயினை இறக்கினதால் பிழைத்தாள். "எர்த்து போட்டியா இல்லியாப்பா?" என்று அவள் ஆயா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது. போட்டிருந்தேன். பின்கட்டில் எர்த்துக்கான ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்பை நானே அடித்து இறக்கியிருந்தேன். பியூஸ் ஏன் போகவில்லை என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சீனியர்தான் பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார். பிரிட்ஜ் பாடிக்கு வந்த கரண்டும் டிரான்ஸ்பார்மருக்குத்தான் திரும்புகிறது, மண் வழியாக. கரண்டுக்கு இருக்கும் தடையை ஓமில் சொல்வோம்; வீட்டு எர்த் 10 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த் 2 ஓம் என்றால், 230-ஐ 12-ஆல் வகுங்கள். 19 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் கம்பி அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும். அதுவரை பிரிட்ஜ் மேல் 190 வோல்ட்! கடலோரத்து உப்பில் பைப் துருப்பிடித்தால் ஓம் இன்னும் ஏறும், கரண்ட் இன்னும் குறையும்.

அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் ஸ்விட்ச், போடச் சொல்லி மன்றாடுகிறேன். போன கரண்டும் திரும்பின கரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டை ஆறு போர்ஷன் ஆக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எர்த். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இஷ்டப்பட்ட விலை வாங்கத் தெரிகிறது. ஆர்சிசிபி கேட்டால் "இஷ்டம் இல்லேன்னா காலி பண்ணிக்கோ" என்கிறார்கள்.