புதுசா வர வாலண்டியர்ஸ முதல் நாள் யார் எதிர்பார்த்து நிக்கிறாங்க?

கேள்வி: வணக்கம் அக்கா. திருச்சியில நாங்க ஏழு பேர் சேர்ந்து ஒரு சின்ன டிரஸ்ட் நடத்துறோம். பார்வையில்லாத காலேஜ் ஸ்டூடண்ட்ஸுக்கு பாடம் வாசிச்சுக் காட்டுறது, பரீட்சையில அவங்க சொல்லச் சொல்ல விடை எழுதுற ஆள், அதாவது ஸ்க்ரைப், ஏற்பாடு பண்றது, இதுதான் வேலை. வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா நாப்பது அம்பது பேர் "நான் வரேன்"னு பேர் குடுக்குறாங்க. முதல் ஞாயித்துக்கிழமை இருபது பேர் வராங்க, அடுத்த வாரம் ஆறு பேர், மூணாவது வாரம் பாத்தா பழையபடி நாங்க ஏழு பேர்தான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு சேவை மனசே இல்லன்னு எங்க தலைவர் சொல்றார், எனக்கு அப்படித் தோணல. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, உங்களுக்குத் தோணுறதுதான் சரி. ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி வந்து நிக்கிற பிள்ளைக்கு மனசு இல்லன்னு எப்படிச் சொல்ல முடியும்? வந்த அன்னிக்கு அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு.

நான் முதல்ல வாசிக்கப் போன நாள் இன்னும் ஞாபகம் இருக்கு. ஒம்பதரைக்கு வரச் சொன்னாங்க, போனேன், நான் வரேன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காரச் சொல்லிட்டு எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க, ஒன்றரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், கிளம்பிடலாம்னு பையக் கூட எடுத்துட்டேன். அப்பதான் ஒரு பொண்ணு செவத்தத் தடவிக்கிட்டே வந்து, "வாசிக்க யாராச்சும் வந்திருக்கீங்களா, எனக்கு நாளைக்கு பொருளாதாரம் பரீட்சை"ன்னு கேட்டா. ரெண்டு மணி நேரம் வாசிச்சேன். மறுநாள் சாயங்காலம் போன் பண்ணி, "அக்கா, நீங்க கடைசியா வாசிச்சீங்கல்ல, அது அப்படியே பத்து மார்க் கேள்வியா வந்துச்சு"ன்னா. அந்த ஒரு போன்தான் என்னை இத்தன வருஷம் இதுல வச்சிருக்கு. அவ கூப்பிடாம இருந்திருந்தா நானும் உங்க தலைவர் சொல்ற கணக்குலதான் சேர்ந்திருப்பேன்.

அதனால முதல்ல இருபது பேர ஒரே நாள்ல வரச் சொல்றத விடுங்க. நீங்க ஏழு பேர், ஒரு வாரத்துக்கு நாலு புது ஆளுதான் உங்களால கவனிக்க முடியும். மத்தவங்களுக்கு "உங்களுக்கு இந்தத் தேதி"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, காத்திருப்பாங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழைய ஆள், ஒரு ஸ்டூடண்ட், ஒரு புஸ்தகம், இத முந்தின நாளே முடிவு பண்ணி அவங்களுக்கு மெசேஜ் போயிடணும். வாசல்ல நிக்கிறது அந்த ஸ்டூடண்டாவே இருந்தா இன்னும் நல்லது. கமிட்டி ஆளுங்க மைக் புடிச்சு வரவேற்கறதவிட "நான்தான் நீங்க வாசிச்சுக் காட்டப் போற ஆளு, வாங்க"ன்னு அந்தப் பையன் கைய நீட்டுறது எவ்வளவோ மேல்.

புதுசா வரவங்க பயப்படுறது வாசிக்கிறதுக்கு இல்ல. எப்படிப் பழகணும், என்ன சொன்னா மனசு நோகும்னு தெரியாமத்தான் தள்ளித் தள்ளி நிப்பாங்க. அத முதல் அரை மணி நேரத்துல அந்தப் பிள்ளைங்கள வச்சே சொல்லிக் குடுங்க. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகக் கூடாது, அவங்க நம்ம முழங்கைக்கு மேல புடிச்சுக்குவாங்க, நாம அரை அடி முன்னால நடந்தா போதும். கிட்ட வந்ததும் பேரச் சொல்லணும், எந்திரிச்சுப் போறப்ப போறேன்னு சொல்லிட்டுப் போகணும், இல்லன்னா காலி நாற்காலிகிட்ட பேசிட்டு இருப்பாங்க. "நான் யாருன்னு சொல்லு பாப்போம்"னு குரல மாத்தி விளையாடுறது வேண்டவே வேண்டாம். "பாத்தியா", "டிவி பாத்தேன்" இந்த மாதிரி வார்த்தையெல்லாம் தாராளமாப் பேசலாம், அவங்களே அப்படித்தான் பேசுறாங்க. இவ்வளவு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும்.

ஸ்க்ரைப் வேலைதான் புது ஆளு அதிகமா மனசு ஒடிஞ்சு போற இடம், இதுல கொஞ்சம் கூடுதலா கவனம் வேணும் தம்பி. போட்டித் தேர்வு மாதிரி எழுத்துத் தேர்வுகளுக்கு மத்திய அரசு 2018-ல போட்ட வழிகாட்டுதல்ல, மாணவரே ஸ்க்ரைபக் கூட்டிட்டு வந்தா அந்த ஸ்க்ரைபோட படிப்பு மாணவரோட படிப்புக்கு ஒரு படி கீழ இருக்கணும்னு வச்சாங்க. இத கவனிக்காம டிகிரி முடிச்ச பிள்ளைக்கு பேங்க் எக்ஸாம் எழுத இஞ்சினியரிங் முடிச்ச பையன அனுப்புனா, லீவு போட்டு வந்தவன கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, எழுத வந்த பிள்ளையும் தவிச்சு நிக்கும். அதனால பேர் குடுக்கும்போதே என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. டிகிரி முடிச்சவங்கள வாசிக்க, பாடம் ரெக்கார்டு பண்ண போடலாம், ப்ளஸ் டூ முடிச்சவங்கள எழுத அனுப்பலாம். ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் ஒவ்வொரு தேர்வுக்கும் விதி மாறும், ஹால் டிக்கெட்டோட வர அறிவிப்ப வரி விடாம படிச்சுட்டு அப்புறம் ஆள அனுப்புங்க.

அதே வழிகாட்டுதல்ல மணிக்கு குறைஞ்சது இருபது நிமிஷம் கூடுதல் நேரம்னும் இருக்கு. அப்படின்னா மூணு மணி நேரப் பரீட்சை நாலு மணி நேரம் ஆகும். இத முன்னாடியே சொல்லாம "மத்தியானம் ஒரு மணிக்கு வேற வேலை இருக்கே"ன்னு புது ஆளு பரீட்சை ஹால்ல நெளிஞ்சா, அந்தத் தப்பு நம்மளது.

இன்னொண்ணு மொழி. எங்க கூட ஒரு ஐடி பையன் வந்தான், தங்கமான பையன், ஆனா தமிழ்ல பேனா புடிச்சே பத்து வருஷம் ஆச்சாம். பி.ஏ. வரலாறு படிக்கிற பையன் "நிலமானிய முறை"ன்னு சொல்லச் சொல்ல இவன் ரெண்டு சுழியா மூணு சுழியான்னு பேனாவத் தூக்கிட்டு யோசிக்கிறான், அவன் சொல்ற வேகத்துக்கு இவனால எழுத முடியல. நல்லவேளை அது பழைய கொஸ்டின் பேப்பர வச்சுப் பண்ணுன ஒத்திகை. அடுத்த மூணு வாரம் தினமும் பத்திரிகையப் பாத்து ஒரு பக்கம் எழுதிப் பழகிட்டு வந்தான், இப்ப செமஸ்டர் வந்தா முதல்ல கேக்குறதே அவனத்தான். ஒத்திகை இல்லாம யாரையும் பரீட்சைக்கு அனுப்பாதீங்க. கேள்விய மார்க்கோட சேத்து ரெண்டு தடவ வாசிக்கணும், அரை மணிக்கு ஒருக்கா நேரம் சொல்லணும், அவங்க தப்பாச் சொன்னாலும் சொன்னத அப்படியே எழுதணும். இந்தக் கடைசி ஒண்ணுதான் ரொம்பக் கஷ்டம், தெரிஞ்ச விடையா இருந்தா கை துடிக்கும்.

அப்புறம் வந்துட்டுப் போனவங்களுக்கு ரெண்டு நாளுக்குள்ள ஒரு போன். மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்க. எப்படி இருந்துச்சு, எது கஷ்டமா இருந்துச்சுன்னு கேளுங்க, அடுத்து எப்ப முடியும்னு கடைசியா கேளுங்க. மாசத்துக்கு ஒரு நாள்தான் முடியும்னா அந்த ஒரு நாள சந்தோஷமா வாங்கிக்கோங்க.

கேள்வி: நான் மதுரை, ரிட்டையர்டு டீச்சர். வீட்டுப் பக்கத்துல இருக்கிற முதியோர் இல்லத்துக்கு ரெண்டு மாசமாப் போறேன். யாரும் ஒரு வேலையும் சொல்றதில்ல, நானா கேட்டா "சும்மா பேசிட்டு இருங்கம்மா"ங்கிறாங்க. நான் அங்க தேவைதானான்னே தெரியல. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்கம்மா, ஒரு மாசம் மட்டும் குடுங்க. அங்க வேலை செய்றவங்களுக்கு குளிப்பாட்ட, சாப்பாடு குடுக்க, மாத்திரை குடுக்கவே நேரம் பத்தாது, உங்களுக்கு வேலை யோசிச்சுச் சொல்ல யாருக்கும் நேரமில்ல, அவ்வளவுதான். நீங்களே ஒண்ணப் புடிச்சுக்கோங்க. செவ்வாய், வெள்ளி நாலு மணிக்கு பேப்பர் வாசிக்கிறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டு அதே நேரத்துக்கு, அதே நாற்காலில போய் உக்காருங்க. முதல் வாரம் ரெண்டு பேர் வருவாங்க. நேரம் மாறாம நீங்க வந்தீங்கன்னா மூணே முக்காலுக்கே கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டு காத்திருக்க ஆரம்பிப்பாங்க. லெட்டர் எழுதிக் குடுக்கிறது, போன்ல பேரப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டுக் குடுக்கிறது எல்லாம் தானா வரும். "சும்மா பேசிட்டு இருங்க"ன்னு சொன்னாங்கல்ல, அந்தப் பேச்சுதான் அங்க ரொம்பக் குறைச்சல்.

கேள்வி: காலேஜ்ல இருந்து என்எஸ்எஸ் பசங்க எங்க அமைப்புக்கு வராங்க. மணிக்கணக்குல கையெழுத்து வாங்குறதுதான் அவங்க குறி. இவங்கள வச்சு என்ன செய்றது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம்னு அவங்களுக்குக் கணக்கு இருக்குங்க. மணி நேரத்துக்கு வரதுல தப்பே இல்ல. என் கூட இன்னிக்கு நிக்கிற பழைய வாலண்டியர்ஸ்ல நாலு பேரு அப்படி கையெழுத்துக்கு வந்தவங்கதான். ஆனா அவங்கள வச்சு பேனர் புடிக்க, சேர் அடுக்க மட்டும் வைக்காதீங்க. ஒரு பாதி நாளாவது நீங்க உதவி பண்ற மனுஷங்களோட நேரா உக்கார விடுங்க. கையெழுத்து போடுறப்ப இன்னிக்கு யார் கூட என்ன பேசுனேன்னு ரெண்டு வரி எழுதச் சொல்லி வாங்குங்க, அத நீங்க உக்காந்து படிங்க. யார் மறுபடி வருவாங்கன்னு அந்த ரெண்டு வரியிலயே தெரிஞ்சுடும்.

கேள்வி: குழந்தைகள் இல்லத்துக்கு புதுசா வர வாலண்டியர்ஸ் வந்த உடனே செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுறாங்க. சொன்னா வருத்தப்படுவாங்களோன்னு தயக்கமா இருக்கு.

பதில்: தயங்காதீங்க, இதுல தயவு தாட்சண்யமே கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தைங்கன்னு இல்லத்துல இருக்கிற பிள்ளைங்களோட போட்டோ, பேர், அடையாளத்த வெளியிடக் கூடாதுன்னு 2015 சிறார் நீதிச் சட்டத்துலயே இருக்கு. வர அன்னிக்கு, உள்ள நுழையறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, செல்போன வாசல்லயே வாங்கி ஒரு டப்பாவுல போட்டு வைங்க. ஐடி ப்ரூஃப், தெரிஞ்சவங்க ரெண்டு பேரோட நம்பர் வாங்கி விசாரிச்சுட்டு உள்ள விடுங்க, எவ்வளவு பெரிய மனுஷரா இருந்தாலும் புது ஆள குழந்தையோட தனியா விடாதீங்க. நல்ல எண்ணத்தோட வந்தவங்களுக்கு இதெல்லாம் கேட்டா வருத்தம் வராது, இங்க பிள்ளைங்களப் பத்திரமாப் பாத்துக்கிறாங்கன்னு தெம்புதான் வரும். போனக் குடுத்துட்டு உள்ள போனா கை சும்மா இருக்கும்ல, அந்தக் கைல ஒரு கேரம் ஸ்ட்ரைக்கரக் குடுத்து பிள்ளைங்க கூட உக்கார வைங்க.