பரோட்டா மாஸ்டர் கிடைக்காத கடைக்கு

அண்ணே, சிங்கப்பூர் தேக்காவில் 25 பேரோடு கடை, மாஸ்டர் போனபின் பரோட்டாவுக்கு ஆளே இல்லை, நடுத்தரத் திறனாளர்களுக்கான வேலை அனுமதியான எஸ் பாஸ் மட்டும்தான் வழி என்று ஏஜெண்ட் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். அதை நம்பாதீர்கள். 2023 செப்டம்பர் முதல் இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை சாதாரண வேலை அனுமதியான வொர்க் பெர்மிட்டிலேயே எடுக்கலாம். மாதம் குறைந்தது 2,000 வெள்ளி நிலையான சம்பளம். இப்படி எடுப்பது கடையின் மொத்த ஆட்களில் 8 விழுக்காடு வரைதான், உங்களுக்கு 2 பேர். கூட்டம் நெரிந்தாலும் அவரைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள், பெர்மிட் சமையலுக்கு மட்டும். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வருகிறாரா என்று முதலிலேயே கேளுங்கள், பாவம், அந்தப் பாரத்தோடு யாரும் நிலைக்க மாட்டார்கள். அதுவரை மாவு பிசையும் உள்ளூர்ப் பையனை மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கல் பக்கம் நிறுத்தி வீசப் பழக்குங்கள். கிழிந்தாலும் திட்டாதீர்கள், கை படிந்ததும் சம்பளத்தையும் ஏற்றிக்கொடுங்கள்.