வேட்டைக்கும் கிளேக்கும் ஒரே செமி ஆட்டோ போதுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: வெளிநாடு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, கூட வேலை செய்பவர்கள் வார இறுதியில் கிளே (காற்றில் வீசப்படும் தட்டுகளைச் சுடும் விளையாட்டு) சுடப் போகிறார்கள், பருவம் வந்தால் வாத்து வேட்டைக்கும் போகிறார்கள், உங்களையும் கூப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வாங்கினால் போதுமா, எதை வாங்கலாம்? போதும், நன்றாகவே போதும். ஆனால் பிராண்டுக்குப் போகும் முன் உங்கள் விசாவைப் பற்றிப் பேச வேண்டும்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்கா என்றால், மாணவர் விசா, எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதற்கும் இது பொருந்தலாம் என்பதால், முதல் நாள் மைதானத்துக்குப் போகும் முன்பே இதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காக உங்கள் குடியேற்றக் கோப்பில் கறை விழக்கூடாது. கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி, தேர்வு, அப்புறம்தான் உரிமம். பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் சான்றிதழில் வாங்க வேண்டுமென்றால் மேகசினில் (அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் குழாயில்) 2 தோட்டாவுக்கு மேல் ஏறாத செமி ஆட்டோவாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1996 சட்ட மாற்றத்துக்குப் பிறகு செமி ஆட்டோ ஷாட்கன் விவசாயிகள், குறிப்பிட்ட சில கிளே போட்டியாளர்கள் போன்றவர்களுக்குத்தான்; நீங்கள் அங்கே இருந்தால் இந்த யோசனையை விட்டுவிட்டு மேல்-கீழ் இரட்டைக் குழல் பாருங்கள், அதுவும் இரண்டு வேலையையும் அருமையாகச் செய்யும்.

சரி, உரிமம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது பெரெட்டாவா, பெனெல்லியா, பிரவுனிங்கா என்றுதான். நான் கேட்கச் சொல்வது, இது என் தோளுக்குப் பொருந்துகிறதா என்று. ரைபிளில் குறி பார்த்துச் சுடுகிறோம், ஷாட்கனில் பறக்கிற பொருளைப் பார்த்துக்கொண்டே சுடுகிறோம், அங்கே உங்கள் கண்தான் பின்பக்கக் குறி. கன்னம், தோளில் பதியும் பின்கட்டையில் உட்காரும் இடம் அரை அங்குலம் மாறினால், சுடுவதெல்லாம் இலக்குக்கு மேலோ கீழோ போய்விடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும். காலியான துப்பாக்கி என்று திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில், கண்ணை மூடித் தோளில் ஏற்றுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். குழலின் மேல் ஓடும் பட்டையும் முனையில் இருக்கும் மணியும் நேராகத் தெரிந்தால் அது உங்களுடையது. பட்டையே தெரியாமல் துப்பாக்கியின் பின்பகுதி மறைத்தால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. உயரம் குறைவானவர்களுக்குக் கடையில் வரும் கட்டை நீளமாக இருப்பது சகஜம், அதிலும் குளிருக்குத் தடித்த கோட் போட்டால் இன்னும் நீளமாகி அக்குளில் மாட்டும். நல்ல செமி ஆட்டோக்கள் பலவற்றில் கட்டையின் சாய்வை மாற்றச் சிறு தகடுகள் கூடவே வரும், நீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதி இல்லாத மாடலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொன்று, உங்கள் ஆதிக்கக் கண் (குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்) எது என்று பாருங்கள். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது கண் ஆதிக்கமாக இருந்தால், காரணமே புரியாமல் தட்டு தட்டாகத் தவறவிடுவார்.

அடுத்தது உள்ளே இருக்கும் இயக்கம், இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. ஒன்று கேஸ் முறை: தோட்டா வெடித்த வாயுவில் கொஞ்சம் குழலில் உள்ள சிறு துளை வழியாக வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றும். ரெமிங்டன் 1100 என்ற மாடல் 1963இல் வந்து இந்த முறையைப் பரவலாக்கியது, இன்று பெரெட்டா ஏ300, ஏ400, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 எல்லாம் இந்த வழிதான். மற்றது பெனெல்லி பிரபலமாக்கிய இனர்ஷியா முறை: துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது உள்ளே தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட் நின்ற இடத்திலேயே நிற்க முயல்வதால் நடுவில் உள்ள கனத்த ஸ்பிரிங் அமுங்கி, அது விரியும் வேகத்தில் போல்ட் பின்னால் போகும். பெனெல்லி எம்2, பிராங்கி அஃபினிட்டி, ஸ்டோகர் எம்3000 இந்த வகை.

கேஸ் துப்பாக்கியில் உதை தோளுக்கு மென்மையாக வரும், ஏனென்றால் அது ஒரே அடியாக வராமல் கொஞ்சம் நீண்டு பரவி வருகிறது. அதற்கு விலையாகப் பிஸ்டனிலும் மேகசின் குழாயிலும் கரி படியும், துடைக்க வேண்டும். இனர்ஷியா துப்பாக்கி எடை குறைவு, உள்ளே கரி அதிகம் போகாது, சேற்றிலும் மழையிலும் நாள் முழுக்கத் தூக்கி நடக்க அதற்கு ஈடில்லை. ஆனால் உதை கூடுதல், அப்புறம் மிக லேசான தோட்டாவைப் போட்டால் சில துப்பாக்கிகள் அடுத்ததை ஏற்றாமல் நின்றுவிடும், கூடுதல் எடையைக் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் மோசம்.

என் தீர்ப்பு இது. கிளேயில் ஒரு சுற்று என்றாலே 25 தட்டு, ஒரு காலையில் மூன்று நான்கு சுற்று ஓடிவிடும். வேட்டையில் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி தோட்டா செலவானாலே அதிகம். ஆகவே உங்கள் தோளும் மணிக்கட்டும் பழகப்போவது பெரும்பாலும் கிளே மைதானத்தில்தான். புதியவர் உதைக்குப் பயந்து கண்ணைச் சிமிட்டப் பழகிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. உங்களுக்கு 12 போர் (குழலின் அகல அளவு), கேஸ் முறை, 28 அங்குலக் குழல், 3 அங்குலத் தோட்டா அறை, மூன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக்குறைய எடை. இதற்குள் வருவது எதுவானாலும், தோளுக்குப் பொருந்துவதை எடுங்கள். மலையேறி நாள் பூராவும் நடந்து வேட்டையாடுபவர் என்றால் மட்டும் இனர்ஷியா பக்கம் போங்கள். மூன்றரை அங்குல அறை பெரிய வாத்துத் தோட்டாவுக்காக வந்தது, அது எல்லாருக்கும் தேவையில்லை, லேசான கிளே தோட்டாவில் அது முரண்டு பிடிக்கவும் செய்யலாம்.

தோட்டா பற்றி ஒரு முக்கியமான விஷயம். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) பல நாடுகளில் தடை. அமெரிக்கா முழுவதும் 1991இல் இருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களுக்குள்ளும் அவற்றின் அருகிலும் 2023இல் இருந்து. காரணம் நியாயமானது, சேற்றில் விழுந்த ஈய ரவையைப் பறவைகள் கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. எஃகு ரவை ஈயத்தைவிட எடை குறைவு, அதனால் இரண்டு அளவு பெரிய ரவை எடுப்பது வழக்கம். அது கடினமும்கூட, ஆகவே எஃகுக்கு உகந்தது என்று தயாரிப்பாளர் சொல்லாத பழைய குழலிலோ இறுக்கமான சோக்கிலோ (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல் முனைக் குறுக்கம்) போடாதீர்கள். மாற்றக்கூடிய சோக்குகளில், கிளேக்கும் பக்கத்துப் பறவைக்கும் திறந்த சோக், தூரத்துக்கு நடுத்தரம், இவ்வளவு போதும். வட அமெரிக்காவில் வலசைப் பறவை வேட்டைக்குத் துப்பாக்கியில் மொத்தம் 3 தோட்டாதான் கொள்ள வேண்டும். அதற்காக மேகசினுக்குள் ஒரு குச்சி போடுவார்கள், அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மைதான ஒழுக்கம் செமி ஆட்டோக்காரருக்கு ஒரு படி அதிகம். இரட்டைக் குழலை மடித்துத் தொங்கவிட்டால் அது காலி என்று தூரத்தில் இருப்பவருக்கும் தெரியும், உங்களுடையது தெரியாது. அதனால் போல்ட் திறந்தே இருக்க வேண்டும், அறையில் நிறமான கொடிச் செருகியை வையுங்கள், குழல் முனை மேலேயோ கீழேயோ. டிராப்பில் (பக்கத்தில் பக்கத்தில் நின்று சுடும் கிளே வகை) உங்கள் காலித் தோட்டா வலப்பக்கம் நிற்பவர் மேல் பறந்து விழும், அதைப் பிடிக்கும் கிளிப் ஒன்று வாங்கி மாட்டுங்கள், கேட்பதற்கு முன்பே மாட்டினால் உங்களுக்கு நல்ல பெயர். கண்ணாடியும் காதடைப்பும் முதல் சுடலில் இருந்தே வேண்டும், செவித்திறன் போனால் திரும்பாது.

ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் மனதில் பதிய வையுங்கள். 12 போர் துப்பாக்கிக்காரர் பையில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது. சிறிய அந்தத் தோட்டா 12 போர் அறைக்குள் நுழைந்து கொஞ்சம் முன்னால் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், இரண்டும் சேர்ந்து குழலைப் பிளக்கும், குழலைத் தாங்கும் உங்கள் கை அங்கேதான் இருக்கும். 20 போர் தோட்டாவை வழக்கமாக மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். நண்பர் பையில் இருந்து கடன் வாங்கும் தோட்டாவை நிறம் பார்த்து, அடிப்பாகத்தில் எழுதியிருப்பதையும் படித்த பிறகே போடுங்கள். "டப்" என்று சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குவதற்கு முன் முடிந்தவரை கிளப்பில் வாடகைக்கோ உறுப்பினரிடமோ வாங்கி நாலைந்து மாடல் சுட்டுப் பாருங்கள், உங்கள் விசா அதற்கு இடம் கொடுக்கும் பட்சத்தில். கிளே சுடுபவர்கள் புதியவருக்குத் துப்பாக்கி கொடுத்துச் சொல்லித் தருவதில் தாராளமானவர்கள், ஊர் மொழி தடுமாறினாலும் அங்கே எனக்கு மனிதர்கள் கிடைத்தார்கள். எந்த நாடு, எந்த விசா, வலது கையா இடது கையா, எவ்வளவு உயரம் என்று மட்டும் எழுதுங்கள், எந்த மாடல்களை முதலில் தோளில் ஏற்றிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.