கம்பளியில் ஓட்டை: சுண்டெலியா, அந்துப்பூச்சியா?

கேள்வி: பீரோவில் மடித்து வைத்த கம்பளிச் சால்வை ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. வீட்டில் ஒருவர் சுண்டெலி என்கிறார், இன்னொருவர் அந்துப்பூச்சி என்கிறார். பிளக்கில் சொருகினால் மீயொலியால் (நம் காதுக்குக் கேட்காத ஒலி) இரண்டையும் விரட்டும் என்று ஒரு கருவி விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம், காசுதான் போகும். ஆதாரம் இல்லாமல் இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. இன்னமும் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

முதலில் சால்வையை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். சுண்டெலி துணியைக் கத்தரிப்பது கூடு கட்டத்தான், தின்ன இல்லை, அதனால் பருத்தி, கம்பளி, காகிதம் என்று அதற்கு எந்தப் பேதமும் கிடையாது; கடித்த ஓரம் நார் நாராகத் தொங்கும், பக்கத்தில் அரிசி அளவில் புழுக்கை கிடக்கும், மூத்திர வாடையும் அடிக்கும். சின்னச் சின்ன ஓட்டையும் நூலாம்படை மாதிரி இழையும் மணல் போன்ற துகளும் இருந்தால் அது அந்துப்பூச்சி. சரியாகச் சொன்னால் அதன் புழு. பறக்கிற பூச்சி எதையும் சாப்பிடுவதே இல்லை. புழுவுக்கு வேண்டியது கம்பளி, பட்டு, ரோமம், இறகு. வியர்வையோ கறையோ படியாத பருத்தியை அது பெரும்பாலும் சீண்டாது, ஆகவே கூடவே இருந்த பருத்தித் துணியும் கிழிந்திருந்தால் என் சந்தேகம் எலி மேல்தான்.

அந்துப்பூச்சி என்றால் சால்வையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், புழுவும் முட்டையும் செத்துவிடும். பெண் பூச்சியின் வாசனை தடவிய ஒட்டு அட்டையில் ஆண் பூச்சிதான் சிக்கும், பூச்சி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அதை வாங்கலாம். பாச்சா உருண்டை இறுக மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும். திறந்த அலமாரியில் போட்டால் அந்த ஆவி நம் மூக்குக்குத்தான் வரும், குழந்தை எடுத்து விழுங்கினால் பெரிய ஆபத்து.

எலி என்றால் சாதாரண அடிப்பொறி போதும், அப்புறம் சந்துகளை அடைத்துவிடுங்கள். பென்சில் தடிமன் இடைவெளி இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். விஷம் மட்டும் வாங்காதீர்கள். பீரோவுக்குப் பின்னால் எங்காவது செத்துக் கிடக்கும் எலியின் ரோமத்தைத் தின்றே அந்துப்பூச்சிப் புழு வளரும்.