சிவப்பு ரோஜா நன்றாகப் பூக்கிறது, ஆனால் வாசனையே இல்லையே, ஏன்?

பெரும்பாலும் உங்கள் வளர்ப்பில் குறை இருக்காது, ரகம்தான் காரணம். பூங்கொத்துக்காக உருவாக்கிய ரோஜாக்களில் நீளமான தண்டுக்கும் பல நாள் வாடாமல் நிற்பதற்கும்தான் முதலிடம். அந்த ஓட்டத்தில் மணம் தொலைந்துபோனது. அப்படிப்பட்ட செடிக்கு எவ்வளவு உரம் போட்டாலும் வாசனை வராது.

அதனால் வாங்கும்போதே ரகத்தின் பெயரைக் கேளுங்கள். 'கிரிம்சன் குளோரி' (1935), 'பாப்பா மெய்லண்ட்' (1963), 'மிஸ்டர் லிங்கன்' (1964) மூன்றுமே அடர்சிவப்பு, நல்ல மணம். ஒன்றுதான் வைக்க இடம் என்றால் நான் மிஸ்டர் லிங்கனைத்தான் சொல்வேன். பாப்பா மெய்லண்டின் வாசனை அபாரம், ஆனால் இலைநோய்கள் எளிதில் தொற்றும்.

தினமும் 6 மணி நேரமாவது வெயில் வேண்டும், தண்ணீர் தேங்காத மண் வேண்டும். தண்ணீரைக் காலையில் வேரடியில் ஊற்றுங்கள். இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் கரும்புள்ளி என்ற இலைநோய் பரவும். வாடிய பூவை விட்டுவைக்காமல், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டுங்கள். அப்புறம், ஒட்டுக்கு, அதாவது ரகத்தை வேறொரு செடியின் வேர்ப்பகுதியோடு இணைத்த இடத்துக்கு, கீழே கிளம்பும் தளிரை அடியோடு பிய்த்துவிடுங்கள். அது வேர்ச்செடியின் கிளை, விட்டால் நீங்கள் ஆசைப்பட்ட ரகத்தையே அமுக்கிவிடும்.

முகர்வதற்கும் நேரம் உண்டு. இளவெயில் ஏறும் காலையில், பாதி விரிந்த பூவை முகர்ந்து பாருங்கள். நடுப்பகல் வெயிலில் அதே பூவின் மணம் குறைந்திருக்கலாம்.