மலை உச்சியில் சோலைக்காட்டை மீட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

கேள்வி: நீலகிரியில் வெளிநாட்டுச் சீகை (வாட்டில்) மரங்களை அகற்றி சோலைக்காட்டை (மலை மடிப்புகளில் வளரும் பசுமைமாறாக் காட்டை) மீட்கிறோம் என்று அரசு செலவு செய்கிறது. கடலூர் மாவட்டக் கடைமடை விவசாயிக்கு அதனால் என்ன லாபம்? அந்தக் காசில் வீராணம் ஏரியைத் தூர்வாரலாமே?

வீராணம் அதனால் நிரம்பிவிடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த வேலை நடக்கத்தான் வேண்டும் என்பது என் வாதம்.

காட்டுமன்னார்கோயில் பக்கம்தான் எனக்குச் சொந்த ஊர். வீராணத்துப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்துவிட்டு, நீலகிரியில் சோலை மரக்கன்று நாற்றங்காலில் சில வருடம் வேலை பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா கேட்பார், "ஏன் மாப்ள, நீ அங்க மரம் நட்டா இங்க மதகுல தண்ணி வந்துருமா?" நீங்கள் கேட்டதும் அதேதான்.

தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். அவலாஞ்சி, மேல்பவானி, முக்கூர்த்தி பக்கம் பெய்கிற தென்மேற்குப் பருவமழை பவானியாகவும் மாயாறாகவும் இறங்கி பவானிசாகர் அணையில் சேர்கிறது. அங்கிருந்து வந்து பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அந்த இடம் மேட்டூருக்குக் கீழே. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கீழணையில் அதை மறித்து வடவாற்றில் திருப்பி வீராணத்துக்கு விடுகிறார்கள். இதற்குள் கீழ்பவானி, காலிங்கராயன் வாய்க்கால்கள் என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு மிச்சம்தான் நமக்கு. கடைமடை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? எப்போது எவ்வளவு வரும் என்பதை முடிவு செய்வது அணையின் மதகுதான்.

அப்புறம் சோலை எதற்கு? மழை இல்லாத மாதங்களில் ஓடை வற்றாமல் இருப்பதற்கு.

மார்ச் கடைசியில் ஊட்டியே காய்ந்து கிடக்கும். அப்போது ஒரு சோலைக்குள் போய் (வனத்துறை அனுமதியோடுதான்) தரையில் கையை விட்டுப் பாருங்கள். மணிக்கட்டு வரை சருகு. மேலே காய்ந்தது, நடுவில் பாதி மக்கியது, அதற்கடியில் கறுப்பு மண். கையை எடுத்தால் விரல் இடுக்கெல்லாம் ஈரம் ஒட்டியிருக்கும். காட்டு நாவல், காட்டுப்பூவரசு மரங்களின் கிளை முழுக்கப் பாசி. மூடுபனி வந்து போன காலையில் அந்தப் பாசியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பக்கத்திலேயே சீகைத் தோப்பு இருக்கும். அங்கே காய்ந்த காயும் இலையும் காலடியில் நொறுங்கும். கீழே செடி என்று சொல்ல அதிகம் எதுவும் இருக்காது.

ஆனால் சோலையை மட்டும் பேசினால் கதை பாதிதான். உச்சி மலையில் இயற்கை வைத்தது பெரும்பாலும் புல்வெளி. காற்று அதிகம் அடிக்காத மடிப்புகளில், ஓடை ஓரங்களில் மட்டும்தான் சோலை. இரண்டுக்கும் நடுவே பள்ளங்களில் சதுப்பு. புல் மரத்தைவிடக் குறைவாகத் தண்ணீர் குடிக்கும், அதனால் மழையில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கிச் சதுப்புக்கும் ஓடைக்கும் போகும். வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு அது வெறும் தரிசு. 1840களில் விறகுக்காகத் தைலமரம் வந்தது. அங்கே அதைக் கற்பூர மரம் என்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசும் சளைக்கவில்லை. காகிதக்கூழுக்குத் தைலமரம், தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை என்று புல்வெளியை உழுது நட்டார்கள். நடாத இடத்துக்கும் சீகை தானாகவே பரவிவிட்டது.

இதனால் தண்ணீர் குறைந்ததா என்பதற்கு அளந்து பார்த்த கணக்கு இருக்கிறது. உதகையில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் நீலகிரியிலேயே உள்ள கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை இயற்கையாக விட்டுவிட்டு, இன்னொன்றில் 59% பரப்பில் தைலமரம் நட்டார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் ஓடையில் வந்த தண்ணீர் வருடத்துக்குச் சராசரியாக 16% குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் 25% குறைந்தது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். தைலமரத்துக்குப் பக்கத்து வயல் எப்படிக் காயும் என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் 'மலையில் மரம் நடுவோம்' என்று கிளம்பும் ஆர்வலர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். புல்வெளியில் விதைப்பந்து எறிவது நன்மை இல்லை. அங்கே முதல் வேலை மரத்தை எடுப்பது. எடுப்பதும் லேசில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தோப்பை வெட்டி வெயில் பட்டதும் குறுவை நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக முளைத்து நிற்கும். வருடா வருடம் போய்க் கையால் பிடுங்க வேண்டும், நடுவில் ஒரு வருடம் நிதி நின்றால் பழைய குருடி கதவைத் திறடி. பிடுங்கிய இடத்தில் உள்ளூர்ப் புல்லைத் தூர் பிரித்து நட வேண்டும். எல்லாச் சீகைத் தோப்பையும் மொட்டையடிப்பதும் தப்பு. சில இடங்களில் அதன் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வருகின்றன. அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டு அவற்றை மேலே வர விட வேண்டும். 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்லதுதான், ஆனால் வெட்டுவதற்கு டெண்டர் விடுகிற வேகம் பிடுங்குவதற்கு ஆள் வைப்பதில் இருக்க வேண்டும்.

வெள்ளத்தையும் காடு தடுக்கும் என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள். சாதாரண மழைக்குச் சரி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலோடு ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்து, சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்து, தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்ததை நாம் பார்த்தோம். அந்த அளவுக்கு எந்தக் காடும் தாங்காது.

நம் மாவட்டத்துக்கு என்று கேட்டால் நான் நீலகிரியைவிடக் கல்வராயன் மலையைத்தான் காட்டுவேன். கோமுகியும் மணிமுக்தாவும் அங்கேதான் பிறக்கின்றன. மணிமுக்தா விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு வந்து வெள்ளாற்றில் சேர்கிறது, வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. வரும் தூரம் குறைவு, நடுவில் இருப்பவையும் சின்ன அணைகள்தான். அதனால் மேலே செய்யும் வேலையின் பலன், நல்லதோ கெட்டதோ, கீழே சீக்கிரம் தெரியும். உயரம் குறைவு என்பதால் அங்கே நீலகிரி மாதிரிச் சோலை அதிகம் கிடையாது, பெரும்பாலும் இலையுதிர் காடு. நட வேண்டிய மரமும் வேறு, முறையும் வேறு. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் மரவள்ளியும் சாமையும் போட்டுப் பிழைக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் நடுகிற கன்றை இரண்டே வருடத்தில் ஆடு தின்றுவிடும்.

தூர்வாருவதைப் பற்றி: வாரத்தான் வேண்டும். வீராணம் பராந்தகச் சோழன் காலத்து ஏரி, முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி., வண்டல் படிந்து படிந்து அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் 'அந்தக் காசை இங்கே கொடு' என்று இரண்டையும் மோதவிடுவது வேண்டாத சண்டை. ஈக்வடார் நாட்டின் தலைநகர் கீட்டோ, ஆண்டிஸ் மலைப் புல்வெளியிலிருந்து வரும் தண்ணீரை நம்பி வாழும் ஊர். அங்கே 2000ஆம் ஆண்டிலேயே ஒரு நிதியம் தொடங்கினார்கள். நகரக் குடிநீர் நிறுவனம் தன் விற்பனை வருமானத்தில் 2% அதற்குத் தருகிறது. அந்தப் பணம் மேலே புல்வெளியையும் காட்டையும் மீட்கப் போகிறது.

இங்கே யோசித்துப் பாருங்கள். 2004 முதல் வீராணத்திலிருந்து சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை எடுக்கும் திட்டம் இருக்கிறது. லிட்டருக்கு ஒரு பைசா மலைக்கும் ஏரிக்கும் என்று ஒதுக்கினால் நாளைக்கு 18 லட்சம் ரூபாய், முழு அளவு எடுக்கும் வருடத்தில் 65 கோடிக்கு மேல். தூர்வார ஒரு பங்கு, கல்வராயனுக்கு ஒரு பங்கு, நீலகிரிக்கு ஒரு பங்கு என்று பிரித்தாலும் யாருக்கும் குறை இருக்காது. இதைச் சொன்னபோது மாமா மட்டும் சிரித்தார், "மெட்ராஸ்காரன் பில்லுல போடச் சொல்லுற, சரிதான்" என்று.

மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் தூர்வாரச் சொல்லி எப்படியும் மனு கொடுப்பீர்கள். அதிலேயே இந்த ஒரு பைசாவையும் கல்வராயனையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். வரைவு வேண்டுமானால் கருத்தில் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.