ரொத்ரிக் உடையில் ஒரு நடிகர்

அன்புள்ள ஐயா,

நண்பர் ஒருவர் சொன்னதால் ‘ஃபான்ஃபான் லா துலிப்’ பார்த்தேன். 1952ல் வந்த பிரெஞ்சுப் படம். கூரை மேல் வாள்சண்டை, குதிரைத் துரத்தல், காதல் எல்லாம் இருக்கிறது. நன்றாகப் பொழுது போனது. அப்புறம் அதில் நாயகனாக நடித்த ழெரார் ஃபிலிப்பைப் பற்றித் தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஒரு தலைமுறையின் முகம் என்றே அவரைச் சொல்கிறார்கள். எனக்கோ அவர் ஓர் அழகான கதாநாயகன், அவ்வளவுதான். நடிப்பு கொஞ்சம் மிகையாகக்கூடப் பட்டது. 36 வயதில் இறந்துவிட்டதால் வந்த புகழா இது? நீங்கள் ஒருமுறை அவரைப் பற்றிச் சொன்ன நினைவு, அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் அன்றைக்கே பிரான்ஸிலும் இருந்தது. 1954 ஜனவரியில் ஃபிரான்ஸ்வா த்ருஃபோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இலக்கியத்தை மெருகேற்றிப் படமாக்கும் பழைய பாணியைக் கடுமையாகத் தாக்கியது. அதில் அடிபட்ட படங்களில் ஒன்று ‘உடலில் சாத்தான்’. 1947ல் வந்த அந்தப் படம்தான் ஃபிலிப்பை நட்சத்திரமாக்கியது. த்ருஃபோவின் தலைமுறை எடுத்த படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஃபிலிப் மிகையாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் நீங்கள் பார்த்திருப்பது அவருடைய பாதியை மட்டும்தான். மறுபாதி மேடையில் இருந்தது. மேடை நடிப்பு அன்றன்று இரவோடு போய்விடும். பிரெஞ்சுக்காரர்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அந்த இரவுகளைத்தான் என்பது என் எண்ணம்.

1922 டிசம்பரில் கான் நகரில் பிறந்தவர். அப்பா ஓட்டல் நடத்தியவர். மகன் வக்கீலாக வேண்டும் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள், அவர் நடிக்கப் போனார். 1942ல் நீஸ் நகரில் முதல் மேடை. அடுத்த ஆண்டே பாரீஸில், எபெர்தோ அரங்கில், ழிரொதுவின் நாடகத்தில் தேவதூதன் வேடம். 1945 செப்டம்பரில் அதே அரங்கில் ஆல்பெர் காம்யுவின் ‘கலிகுலா’ முதல்முறையாக மேடையேறியபோது அந்தப் பித்துப் பிடித்த பேரரசன் ஃபிலிப்தான். அப்போது அவருக்கு 22 வயது. தேவதூதனாக நின்ற அதே முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கொடுங்கோலனைக் காட்ட முடிந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்த வருடங்களில் அவர் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்பா மார்செல் ஃபிலிப், நாஜிகளோடு ஒத்துழைத்த கட்சி ஒன்றில் இருந்தவர். மகனோ 1944 ஆகஸ்டில் பாரீஸ் விடுதலையின்போது நகர மன்றக் கட்டிடத்தைக் கைப்பற்றிப் பிடித்துவைத்த குழுவில் இருந்தார். போர் முடிந்ததும் அப்பா ஸ்பெயினுக்குத் தப்பி ஓடினார். அவர் இல்லாமலே வழக்கு நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. பார்சிலோனாவில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ‘கலிகுலா’வுக்காகப் பாரீஸ் மகனைக் கொண்டாடிய வருடமும் அப்பாவுக்குத் தண்டனை விழுந்த வருடமும் ஒன்றே, 1945.

சரி, 1951க்கு வருவோம். அதற்குள் அவர் பெரிய திரை நட்சத்திரம். ழான் விலார் என்ற இயக்குநர் அவிஞோன் நகரில், போப்பாண்டவர்கள் வாழ்ந்த பழைய அரண்மனையின் முற்றத்தில், 1947 முதல் கோடைதோறும் நாடகவிழா நடத்திவந்தார். அவர் ஏற்கெனவே ஒருமுறை கொர்னெய் எழுதிய ‘லெ சித்’ நாடகத்தில் நடிக்க ஃபிலிப்பைக் கூப்பிட்டிருந்தார். துன்பியல் எனக்குச் சரிவராது என்று ஃபிலிப் மறுத்துவிட்டார். பிறகு 1950 கடைசியில், விலார் நடித்துக்கொண்டிருந்த அரங்கின் ஒப்பனை அறைக்கு ஃபிலிப் தானே போய், உங்களோடு வேலை செய்ய வந்திருக்கிறேன் என்று நின்றார். விலார் அவர் கையில் இரண்டு நாடகங்களைக் கொடுத்தார். ஒன்று அதே ‘லெ சித்’. இன்னொன்று ஜெர்மானியரான க்ளைஸ்ட் எழுதிய ‘ஹோம்பர்க் இளவரசன்’. போர் முடிந்து ஆறே வருடம், பிரஷ்யப் படை அதிகாரி ஒருவனின் கதையைப் பிரெஞ்சுக்காரர்கள் முன் போட விலாருக்குத் துணிச்சல் இருந்தது.

‘லெ சித்’ 1637ல் முதன்முதலாக மேடையேறியது. பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்து சலித்த நாடகம். ரொத்ரிக் என்ற இளைஞனின் வயதான தந்தையை ஒருவன் கன்னத்தில் அறைந்து அவமானப்படுத்துகிறான். அறைந்தவன், ரொத்ரிக் காதலிக்கும் ஷிமேனின் தந்தை. பழிவாங்கினால் காதலி போவாள், வாங்காவிட்டால் மானம் போகும். பன்னிரண்டு அசை கொண்ட வரிகளில் ஓடும் இதை மார்பை நிமிர்த்திக்கொண்டு முழங்குவதே வழக்கமாகிப் போயிருந்தது. ஃபிலிப் அதை ஓர் இளைஞன் அந்த நிமிடம் யோசித்துப் பேசுவதுபோலப் பேசினார். யாப்பைக் குலைக்கவில்லை. மூச்சை எங்கே விடுவது என்பதை மட்டும் மாற்றினார். ஒத்திகையில் கீழே விழுந்து காலில் அடிபட்டிருந்ததால் முதல் நாள் இரவு பெரும்பாலும் உட்கார்ந்தபடியே நடித்தார். கூரை மேல் ஓடுவதாக நீங்கள் படத்தில் பார்த்த அதே ஆள், ஓட முடியாமல் உட்கார்ந்து, குரலால் மட்டும் அந்த முற்றத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மனம் நின்றுவிடும். தந்தையின் மானத்துக்காக வாளெடுக்கும் மகன் வேடத்தில் நிற்பவரின் சொந்தத் தந்தை, மரண தண்டனைக்குத் தப்பி எல்லைக்கு அப்பால் வாழ்பவர். அந்த முற்றத்தில் வந்து உட்கார்ந்து மகனைப் பார்க்க முடியாதவர். இரண்டையும் முடிச்சுப் போடுவது நான்தான், ஃபிலிப் அல்ல. ஆனாலும் இதை அறிந்த பிறகு அந்த நாடகத்தை வேறு மாதிரி படிக்க எனக்கு முடியவில்லை.

அதே 1951ல் விலாருக்கு அரசின் ‘தேசிய மக்கள் நாடக அரங்கு’ கிடைத்தது. அதன் இடமான ஷயோ மாளிகையில் அப்போது ஐ.நா. சபை கூடிக்கொண்டிருந்ததால், நவம்பரில் பாரீஸுக்கு வெளியே சுரேன் என்ற தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் தொடங்கினார்கள். ஒரே கட்டணத்தில் நாடகம், இசை, சாப்பாடு, கடைசியில் நடனம். நட்சத்திரம் அங்கே வந்தவர்களோடு சேர்ந்து ஆடினார். அந்த அரங்கில் ‘டிப்ஸ்’ வாங்கக் கூடாது. சுவரொட்டியில் நடிகர் பெயர்கள் அகரவரிசையில்தான். ஃபிலிப் பெயரும் அப்படியே, தனக்குரிய எழுத்து வரும் இடத்தில். சினிமாவில் அவருக்குக் கிடைத்த பணத்துக்கும் இங்கே கிடைத்ததற்கும் ஒப்பீடே கிடையாது. ‘ஃபான்ஃபான்’ உலகமெங்கும் ஓடிய 1952ல் அவர் அவிஞோனில் மியுஸேயின் ‘லொரென்ஸாச்சியோ’வில் நடித்து, அதை இயக்கவும் செய்தார்.

நான் அவரைப் பெரியவர் என்று சொல்வது இதனால்தான். நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் நிறைய. உச்சியில் இருக்கும்போது திரும்பி வந்து, வரிசையில் ஓர் ஆளாக நின்றவர்கள் குறைவு. 1957ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு ‘நடிகர்கள் நாய்கள் அல்ல’. அடுத்த ஆண்டு பிரிந்து கிடந்த நடிகர் சங்கங்கள் ஒன்றானபோது தலைவரானார். துணை நடிகர்களின் சம்பளத்துக்காகவும் வேலை நிலைமைக்காகவும் பேச ஒரு நட்சத்திரம் தன் நேரத்தைக் கொடுத்தார்.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். 1956ல் டச்சு இயக்குநர் யோரிஸ் ஈவென்ஸின் துணையோடு அவரே இயக்கிய ‘டில்’ படம் விமர்சகர்களிடம் தோற்றது. நான் பார்த்தவரை அது தோற்க வேண்டிய படம்தான்.

1959 நவம்பரில் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. மனைவி ஆன் ஃபிலிப்பும் மருத்துவர்களும் அவரிடம் சொல்லவில்லை. கடைசி நாட்களில் கிரேக்க நாடகங்களைப் படித்து, அடுத்து எதை நடிக்கலாம் என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தார். நவம்பர் 25 அன்று பாரீஸ் வீட்டில் இறந்தார். 37ஆம் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. தெற்கே ரமத்துயெல் என்ற ஊரில், ரொத்ரிக் வேடத்தில் அணிந்த உடையோடு புதைத்தார்கள். நாற்பது நாள் கழித்து ஒரு கார் விபத்தில் காம்யுவும் போனார்.

இளமையில் இறந்ததால் வந்த புகழா என்று கேட்டீர்கள். முகம் மாறாமல் நின்றதற்கு அதுவும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் 1951லேயே அந்த முற்றத்தில் இருந்தவர்களுக்கு அவர் எப்போது இறப்பார் என்று தெரியாதே. விலாரின் அரங்குக்குப் புகைப்படக்காரராக இருந்தவர் பிற்காலத்தில் இயக்குநரான ஆக்னஸ் வர்தா. அவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள்.

சினிமாவிலேயே இன்னொன்று பார்க்க வேண்டுமென்றால் ரெனே கிளெமான் இயக்கி 1954ல் வந்த ‘மொசியே ரிப்வா’. லண்டன் தெருக்களில் கேமராவை ஒளித்துவைத்து எடுத்த காட்சிகள் அதில் உண்டு. பெண்களை ஏமாற்றிப் பிழைக்கும் ஓர் அற்பனாக வருகிறார். உங்களுக்கு உறுத்திய மிகை அதில் இல்லை. அதே ஆண்டு ‘குட்டி இளவரசன்’ கதையை அவர் வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டையும் கேளுங்கள். பிரான்ஸில் எத்தனையோ பேருக்கு அந்தக் கதை இன்றும் அந்தக் குரல்தான்.

அப்புறம் ‘லெ சித்’தில் ரொத்ரிக் தனியே நின்று பேசும் பகுதியின் ஒலிப்பதிவு இருக்கிறது. பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. மொத்தம் ஆறு பத்திகள். ஒவ்வொரு பத்தியும் ‘ஷிமேன்’ என்ற பெயரில்தான் முடியும். ஆறு முறையும் அவர் அந்தப் பெயரை எப்படிச் சொல்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.